முன்சக்கரத்து அம்மன்

அந்த ஏரோப்ளேனை முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இதை யார் கழுவப் போகிறார்கள்? நான்தான் கழுவப் போகிறேன் என்று அன்றைக்குத் தெரியாது.

பாகிஸ்தான் சண்டை முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கல்கத்தா ரோட்டில் ஒரு நீட்டு லாரியில் வந்து இறங்கியது. இறக்கைகளைத் தனியாகக் கழற்றிக் கட்டியிருந்தார்கள். பொன்னேரி தாலுகாவில் ரோட்டோரத்து ஊர் எங்களுடையது. பேர் வேண்டாம். என் ஜனங்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

பஸ் நிற்கிற முனையில் சிமெண்டு மேடை கட்டி அதில் நிறுத்தினார்கள். ஒரே ஆள் உட்காருகிற ஜெட். சண்டையில் பறந்தது என்றார்கள். வயிற்றுப் பக்கம் தகட்டில் ஒட்டுப் போட்ட இடங்கள் இருந்தன. குண்டு பாய்ந்த இடம் என்று சொன்னார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். ஆணி ஆணியாகத் தட்டுப்பட்டது.

திறப்பு விழாவுக்கு ஒரு மிலிட்டரி ஆபீசர் வந்தார். இங்கிலீஷில் பேசினார். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். "இதை உங்களுக்குத் தந்துவிடவில்லை. பார்ப்பதற்காக வைத்திருக்கிறோம். சுத்தமாக வைத்துக்கொண்டால் இங்கே இருக்கும். இல்லாவிட்டால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவோம்." அதற்கும் ஊர் கை தட்டியது.

எனக்கு மூன்றாவது வரைக்கும்தான் படிப்பு. நாற்று நடவு, களை எடுப்பு, அது இல்லாதபோது பஞ்சாயத்தில் தினக்கூலி. பஸ் நிற்கிற இடத்தைப் பெருக்குவேன். வீட்டுக்காரர் எண்ணூரில் மூட்டை தூக்கினார். வாரத்துக்கு ஒரு தரம் வருவார், சில வாரம் வரமாட்டார். விழா முடிந்த மறுநாள் ஓவர்சீயர் கூப்பிட்டார்.

"இந்தாமே, இனிமே ஏரோப்ளேன் உன் பொறுப்பு. தெனம் கழுவணும். அது இங்க நிக்கிற வரைக்கும் உனக்கு வேலை நிக்கும். அத எடுத்துக்கினு போனா நீயும் வயலுக்குப் போயிடு. புரிஞ்சுதா?"

புரிந்தது. நிழலில் செய்கிற வேலை எனக்கு அதுதான் முதல். இறக்கை நல்ல நிழல் கொடுத்தது.

லாரியோடு வந்த மெக்கானிக் ஒருவன் இரண்டு நாள் தங்கி நட்டு போல்ட்டு முடுக்கினான். மலையாளத்துக்காரன். எப்படிக் கழுவுவது என்று செய்து காட்டினான். நல்ல தண்ணீர். மெல்லிய துணி. ஈரம் விடாமல் துடைக்க வேண்டும். சக்கரம் மாட்டின கால்களின் மூட்டில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். எங்கள் ஊர்க் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வைத்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். துப்பினான். ஆள்காட்டி விரலை என் முன்னால் ஆட்டினான்.

அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். அவர் மண்வெட்டி ஒரு வருஷம் தாங்காது, விளிம்பு பொடியாக உதிரும். அதனால் அவன் விரல் ஆட்டினது எனக்குப் பாஷையில்லாமலே புரிந்தது. கடல் பக்கத்து ஊர், எந்தக் கிணறும் கரிப்பு. ரயில்வே ஸ்டேஷன் குழாயில்தான் நல்ல தண்ணீர் வரும். தினம் அங்கிருந்து குடத்தில் சுமந்தேன். நாங்கள் குடிப்பதற்குக் கூட அவ்வளவு தூரம் போனதில்லை.

கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. ஊர் ஜனம் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதும் மூத்திரம் போக ஆரம்பித்தார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆம்பளைகளுக்கு மறைவு வேண்டும். ஏரோப்ளேனின் மூக்கு டீக்கடைச் சுவரைப் பார்த்து நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற சந்து. முன்சக்கரம் அங்கேதான் இருந்தது. காலையில் நான் கழுவித் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஒருத்தன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.

"யோவ், அந்தாண்ட போய்யா. ஏரோப்ளேன் மேலயா போவ?"

திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். "இன்னா, பறந்து பூடுமா? இரும்மே, முடிச்சிக்கினு வரேன்."

இன்னொருத்தர். சலவை மடிப்புக் கலையாத வேட்டி, கையில் தோல் பை. ஆபீஸ் ஆள். அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "கழுவறதுக்குத்தான உன்னை வெச்சிருக்கு? நாங்க போகலன்னா நீ எத கழுவுவ?" கூட இருந்தவர் சிரித்தார்.

வெற்றிலை எச்சில். இறக்கையின் கீழ்ப் பக்கம் பீடி நெருப்பு வைத்துத் தேய்த்த கறுப்பு. எலெக்ஷன் வந்தால் வால் முழுக்க நோட்டீஸ். பசையை மைதாவில் காய்ச்சி வாளி வாளியாக ஊற்றி ஒட்டுவார்கள். அந்தக் கட்சிக்காரன் ஒட்டினதன் மேல் இந்தக் கட்சிக்காரன். நகத்தால் சுரண்டிச் சுரண்டி என் நகம் போனது. ஆணியால் பேர் கிறுக்குவார்கள். ஒரு நாள் இறக்கையில் ஆடு கட்டியிருந்தது. ஆட்டுக்காரி என்னிடமே சண்டைக்கு வந்தாள். "நெழல்ல கட்னா உனக்கு இன்னாடி? ஏரோப்ளேன் உங்க ஊட்டுதா?"

மேலே கண்ணாடி மூடியை யாரோ உடைத்தார்கள். அதற்கப்புறம் உள்ளே, ஆள் உட்காருகிற குழியில், வெளிக்கு இருந்து வைத்திருந்தார்கள். ஏணி போட்டு ஏறி அதில் ஒருத்தன் குந்தியிருக்கிறான். அவ்வளவு பிரயாசை. சண்டைக்குப் போனவன் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடம். சாம்பல் போட்டு அள்ளினேன்.

சுதந்திர தினத்துக்கு மட்டும் மாலை போடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ஒருவர் பேசுவார். நம் வீரர்கள், நம் மண், நம் ரத்தம். ஒரு வருஷம் அப்படிப் பேசி முடித்தவர் மைக்கை விட்டு இறங்கி நேராக அந்தச் சந்துக்குப் போனார். நான் குடத்தோடு நின்றேன். அவர் வருகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கழுவப் போனேன்.

ஓவர்சீயரிடம் சொன்னேன். "சார், அந்தச் சந்துல ஒரு தட்டி வெச்சுக் குடுங்க."

"வேலி போடணும்னு மேல எழுதியிருக்கோம்."

"வர்ற வரைக்கும் இன்னா பண்றது?"

"கழுவு."

இதற்கு ஒரு முடிவு கட்டியது டீக்கடைக்காரர். நாற்றத்தில் அவர் கடைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. காலை நாஷ்டாவுக்கு வருகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனான். ஒரு வெள்ளிக்கிழமை அவரே ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். முன்சக்கரத்தின் மேல் ஊற்றினார். நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. சக்கரத்துக் காலில் ஒரு கொத்து வேப்பிலை கட்டினார். எல்லா ஊரிலும் சுவருக்குச் செய்கிறதுதான். இங்கே சக்கரத்துக்குச் செய்தார்.

"பாத்தியாமே? இனிமே எவனாச்சும் தூக்குவானா?"

ஒருத்தனும் தூக்கவில்லை. மறுநாளே நின்றுபோயிற்று. சந்துக்குள் வேகமாக வருவான். பொட்டைப் பார்ப்பான். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போவான். பாகிஸ்தான்காரனோடு சண்டை போட்ட ஏரோப்ளேன் என்று சொல்லி எத்தனை நாள் கத்தியிருப்பேன். அதற்கு இல்லாத மரியாதை காலணா மஞ்சளுக்குக் கிடைத்தது. ஆனாலும் எனக்கு அப்போது நிம்மதிதான். மஞ்சள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்தச் சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழுவினேன்.

ஆடி மாசம் வந்தது. பெரியபாளையத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு போகிற ஜனம் எங்கள் முனையில் பஸ் மாறும். போகிறவர்கள் சக்கரத்தைப் பார்த்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். திரும்பி வருகிறவர்கள் மிச்ச எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மழை நாளில் பிரேக் பிடிக்காமல் வந்த பஸ் மேடையில் முட்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து சக்கரத்தின் முன்னால் விழுந்தான். சிமெண்டு மேடை நிறுத்தியது என்று யாரும் சொல்லவில்லை.

பம்பை அடிக்கிறவன் ஒருவன் இருந்தான். ஆடியில் பெரியபாளையத்தில் அடிப்பான், மற்ற மாசத்தில் சாவுக்கு அடிப்பான். அவன் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். நான் கீழே உட்கார்ந்து, எங்கள் ஜனத்துக்கென்று வைத்திருக்கிற தனி கிளாஸில் குடித்துக்கொண்டிருந்தேன்.

"நாயினா, ஏரோப்ளேனுக்குத் தமிழ்ல இன்னா பேரு?"

"விமானம்" என்றார் டீக்கடைக்காரர்.

"கோயில்ல சாமி தலைக்கு மேல கூம்பா கட்டிக்கீதே, அதுக்கு இன்னா பேரு?"

"அதுவும் விமானந்தான்."

"அப்போ? எல்லா ஊர்லயும் சாமிய வெச்சிட்டு விமானம் கட்டுவாங்க. நம்ம ஊர்ல விமானம் மொதல்ல வந்து குந்திக்கினு கீது. அதுக்குக் கீழ சாமி இல்லாமயா இருக்கும்?"

டீக்கடைக்காரர் "அட" என்றார். அந்த 'அட'விலேயே கோயில் கட்டி முடிந்துவிட்டது. பம்பைக்காரன் பூசாரி ஆனான். பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவில் வயிற்றுக்குக் கீழே திரை கட்டினார்கள். முன்சக்கரத்துக்குப் பாவாடை சுற்றினார்கள். சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள்.

மறுநாள் குடத்தோடு போனேன்.

"இந்தாமே, நில்லு. கயித்துக்கு அந்தாண்ட நில்லு" என்றான் பூசாரி.

"கழுவணும்."

"விமானத்த தொடப்பத்தால தொடுவியா?"

"நேத்து வரைக்கும் தொட்டுக்கினுதான இருந்தேன்."

"நேத்து ஏரோப்ளேனு. இன்னிக்கு விமானம்."

டீக்கடைக்காரரைப் பார்த்தேன். அவர் பாலை ஆற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார். "அவன் சொல்றதுல தப்பில்லமே. நீ காலனில இருந்து வர. நாங்களா ஒண்ணும் சொல்லல. முறைன்னு ஒண்ணு கீதுல்ல."

"மூத்திரத்த கழுவுறப்போ அந்த முறை எங்க போச்சு நாயினா?"

"அப்போ சாமி இல்லியே."

அவர் கெட்டவர் இல்லை. வெயிலில் நின்றால் கூப்பிட்டு டீ கொடுப்பார். அதனால்தான் அந்தப் பதில் இன்னும் அருவருப்பாக இருந்தது. அவர் யோசிக்காமல் சொன்னார்.

ஓவர்சீயரிடம் போனேன். "சார், என்னை உள்ள வுட மாட்டேன்றாங்க. கழுவலன்னா மிலிட்டரிக்காரங்க எடுத்துக்கினு பூடுவாங்கன்னு அன்னிக்கு விழாவுல சொன்னாங்களே."

"சாமி விஷயம். நமக்கு எதுக்கு பேஜாரு? நீ கயித்துக்கு வெளிய பெருக்கு."

வெளியே பெருக்கினேன். தேங்காய் மட்டை, வாழையிலை, கோழி இறகு. ரத்தம் மேடையிலிருந்து வழிந்து ரோட்டில் காயும், ஈ மொய்க்கும். அது கயிற்றுக்கு என் பக்கம், அதைத் தொடலாம். அந்தப் பக்கம் தொடக்கூடாது.

உடம்பில் கட்டி வந்தவர்கள் உப்பும் மிளகும் வாங்கி முன்சக்கரத்தின் மேல் கொட்டுவார்கள். உப்பு கரைவது போலக் கட்டி கரையும் என்று வேண்டுதல். எல்லா அம்மனுக்கும் செய்கிறதுதான். அங்கேயெல்லாம் கல். இங்கே இரும்பு. கொட்டின உப்பு காலைச் சுற்றிக் குவியலாகக் கிடக்கும். அதன் மேல் மஞ்சள் தண்ணீர். கரிப்புக் கிணற்றுத் தண்ணீர்தான். அதன் மேல் எண்ணெய். மண்ணெண்ணெய் போட்டு நான் துடைத்து மினுமினுத்த கால் மாசா மாசம் கறுத்தது. பிறகு சிவந்தது. பிறகு பொரிந்தது. கயிற்றுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

ஒரு தரம் பூசாரியிடம் கேட்டேன். "என்னைத்தான் வுட மாட்டீங்க. நீயாச்சும் ஒரு துணியால தொடைச்சு வுடு சாமி. உப்பு அந்தக் கால தின்னுக்கினு கீது."

"அம்மா தின்றா. நீ போ."

எனக்குப் பக்தி இல்லாமல் இல்லை. பெரியபாளையத்துக்கு நானும் வேப்பிலை கட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே அம்மன் இருக்கிறாள் என்று போனேன். இங்கே நாறியதற்காகப் பூசின மஞ்சள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே விழுந்து கும்பிட்டார்கள்.

அப்புறம் கும்பாபிஷேகம் வைத்தார்கள். விமானம் என்றால் கும்பாபிஷேகம் வேண்டுமே. ஏரோப்ளேன் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். அதன் மேல் காவிப் பட்டை. குண்டு பாய்ந்த ஒட்டெல்லாம் மறைந்துபோனது. உடைந்த கண்ணாடி மூடிக்கு முன்னால் கலசம் வைக்கத் தகட்டில் ஓட்டை போட்டு போல்ட்டு முடுக்கினார்கள். ஊரே வேலை செய்தது. என் ஒருத்தி கைக்குத்தான் அங்கே வேலை இல்லை. இத்தனை வருஷம் ஒரு வாளி தண்ணீர் கொண்டு வராதவர்களெல்லாம் சுண்ணாம்பு மட்டையும் கையுமாக அதன் மேல் ஏறி நின்றார்கள்.

கும்பாபிஷேகத்தன்று நான் எதிர்க்கடை ஓரம் நின்றேன். பம்பை, மேளம், பட்டாசு. பூசாரியும் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரும் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்கள். மூக்குப் பக்கம் எல்லோரும் நெருக்கி நின்று கலசத்தின் மேல் தண்ணீரைச் சாய்த்தார்கள். ஜனம் தலைக்கு மேல் கையைத் தூக்கிற்று. அப்போது ஒரு சத்தம். காய்ந்த மட்டை ஒடிகிற மாதிரி. முன்கால் மடங்கியது. மூக்கு தரையில் இடித்தது. வால் மேலே தூக்கிக்கொண்டது. மேலே இருந்தவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தராகச் சரிந்து வந்தார்கள். பூசாரியின் வேட்டி கலசத்தில் மாட்டிக்கொண்டது. அவன் மட்டும் வந்தான், வேட்டி வரவில்லை.

யாருக்கும் பெரிய அடியில்லை. அதற்குள் ஒரு பொம்பளை கத்தினாள். "தாயே! குனிஞ்சு வரம் குடுக்கறாளே!" அவ்வளவுதான். எல்லோரும் தரையில் விழுந்தார்கள். வேட்டியில்லாத பூசாரியும் விழுந்தான்.

நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

குனிந்த அம்மன் என்று மெட்ராஸ் பேப்பரில் படத்தோடு வந்தது. அதை யாரோ மிலிட்டரியில் பார்த்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஒரு ஜீப் வந்தது. பின்னால் தூக்குகிற லாரி ஒன்று. ஆபீசர் புதியவர், ஆந்திராக்காரர், அரைகுறைத் தமிழ். கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார். சுண்ணாம்பு, காவி, பாவாடை, தரையில் கிடக்கிற மூக்கு. ஊர் கூடிவிட்டது. அம்மனைத் தொட்டால் லாரியைக் கொளுத்துவோம் என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். முன்னால் வந்து சொல்லவில்லை.

"யார் கிளீன் பண்றது?" என்றார் ஆபீசர்.

ஓவர்சீயர் என்னைக் கைகாட்டினார். "இவங்கதான் சார். பொறுப்பு இவங்களோடது. ஒழுங்கா வர்றதில்ல."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை 'இவங்க' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

ஆபீசர் என்னிடம் கேட்டார். "ஏன் பண்ணல?"

"கயித்துக்கு உள்ள வுட மாட்டாங்க சார்."

"யார் விட மாட்டாங்க?"

நான் சுற்றிப் பார்த்தேன். பூசாரி மண்ணைப் பார்த்தான். டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்த்தார். ஓவர்சீயர் குடையைப் பார்த்தார்.

"இப்போ போ. கிளீன் பண்ணு. உள்ள மெட்டல் எப்படி இருக்குன்னு நான் பார்க்கணும். நல்லா இருந்தா எடுத்துட்டுப் போறேன்."

அவருக்குத் தகடுதான் வேண்டும். நாளைக்கு இந்த ஊரில் நான் எப்படி நடப்பேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரிந்தது.

ஸ்டேஷனுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்தேன். மெதுவாகத்தான் வந்தேன். கலைந்திருப்பார்கள் என்று பார்த்தால் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. டீக்கடைக்காரர் வழியில் மறித்தார். சத்தமில்லாமல் சொன்னார். "வேணாம்மே. அவன் இப்போ ஜீப்புல ஏறிப் பூடுவான். நீ இங்கதான் குடித்தனம் பண்ணணும்."

"கால வெச்சுப் பாரு, நீ நல்லாவே இருக்கமாட்ட" என்றான் பூசாரி. அவன் சத்தமாகவே சொன்னான்.

கழுவினால் அதை எடுத்துக்கொண்டு போவார்கள், என் வேலை போகும். கழுவாவிட்டால் நான் ஒழுங்காக வராதவள் என்று ஓவர்சீயர் சொன்னது நிஜமாகிவிடும். ஒழுங்காகத்தான் வந்தேன். ஒரு நாள் விடாமல் வந்தேன். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

முதலில் பாவாடையை அவிழ்த்தேன். உள்ளே கரப்பான் பூச்சி. உப்பு பாறையாக இறுகியிருந்தது. அதைக் கையாலேயே பெயர்த்துப் போட்டேன். மஞ்சளும் எண்ணெயும் பொறுக்குப் பொறுக்காக, மரப்பட்டை உரிகிற மாதிரி வந்தது. பழைய கோழி ரத்தத்தின் நாற்றம். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மடங்கின காலைத் தேய்த்தபோது துருவும் துணியும் சேர்ந்தே வந்தன. இரும்பு என்று சொல்ல உள்ளே ஒன்றும் இல்லை.

மூக்குக்கு ஏறினேன். சுண்ணாம்பைத் தேய்த்தேன். கீழே தகடு பளபளப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அடியில் வேறு வெள்ளை இருந்தது. மாவு மாதிரி, உப்பும் சுண்ணாம்பும் தகட்டைத் தின்ற மிச்சம். விரலை வைத்தேன். விரல் உள்ளே போயிற்று. பக்கத்தில் வைத்தேன். அங்கேயும் போயிற்று. நான் வருஷக் கணக்காகத் துடைத்து வைத்தது அந்த இடம். எங்கெங்கே ஆணி தட்டுப்படும் என்று கைக்கு மனப்பாடம். இறங்கிக் குனிந்து வயிற்றுப் பக்கம் ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடினேன். ஒட்டும் இல்லை, தகடும் இல்லை.

ஆபீசர் கயிற்றைத் தாண்டி வந்தார். அவரும் விரலால் குத்திப் பார்த்தார். கையை உதறினார். "வேஸ்ட்" என்றார். கூட வந்தவன் உள்ளே எட்டி நம்பர் போட்ட சின்னத் தகடு ஒன்றை மட்டும் திருகிக் கழற்றிக்கொண்டான். ஜீப்பில் ஏறினார்கள். தூக்குகிற லாரி வெறுமனே திரும்பிப் போயிற்று. ஊர் கை தட்டியது.

நான் கழுவின இடத்தை ஈரம் போகத் துடைத்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. அப்படித்தான் பழக்கம். குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் வருகிற பாதையில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் பூசாரி ஒரு தவலையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோமியம். தீட்டுக் கழிக்க வேண்டுமாம். சக்கரத்தின் மேல் ஊற்றினான். காலின் மேல் ஊற்றினான். என் கை பட்ட இடத்தையெல்லாம் ஜனமே காட்டிக் கொடுத்தது. "இங்க ஒரு சொம்பு, அங்க ஒரு சொம்பு." மூக்கில் விரல் போன ஓட்டைகளுக்குள்ளும் ஊற்றினான். வழிந்து ரோட்டுக்கு வந்தது. டீக்கடைக்காரர் மாட்டிலிருந்து பிடித்தது என்று பிறகு தெரிந்தது.

ஓவர்சீயர் பக்கத்தில் வந்தார். "நாளையில இருந்து நீ மார்க்கெட் சாக்கடைக்குப் போயிடு. இங்க வேணாம்."

"ஏரோப்ளேன் இங்க நிக்கிற வரைக்கும் வேலைன்னு சொன்னீங்களே சார்."

"எங்கமே நிக்குது? வுழுந்துதான கெடக்குது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் துடைப்பத்தை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். மார்க்கெட்டுக்கும் போகவில்லை.

கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. ஒரு கெமிக்கல் கம்பெனியில் டிரம் கழுவுகிற வேலை கிடைத்தது. கை பொத்துப்போகிற வேலை. ஆனால் கழுவின டிரம் கழுவினதாகவே இருக்கும். காலையில் பஸ் அந்த முனை வழியாகத்தான் போகும். விழுந்த மூக்கைச் சுற்றிக் காங்கிரீட் போட்டு, மஞ்சள் அடித்து, கதவு வைத்துவிட்டார்கள். மேலே வால் மட்டும் தெரியும். பஸ் அங்கே வந்ததும் உள்ளே இருக்கிற பொம்பளைகள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் கையை மடியிலேயே வைத்திருப்பேன்.

புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கவனித்திருக்கிறாள். ஒரு நாள் கேட்டாள்.

"இன்னாக்கா, நீ வேதத்துல சேந்து சர்ச்சுக்குப் போறியா? கும்புட மாட்டேன்ற?"

"இல்ல. நான் அத கழுவுனவ."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் திரும்புகிற வரைக்கும் வாலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு எனக்கும் சேர்த்து இன்னொரு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.